பேயோட்டும் அறையின் கதவு

திகில் படங்களில் வரும் பேயோட்டும் காட்சியை நினைத்துப் பார்க்கும் எவருக்கும் ஏறத்தாழ ஒரே பொருள்கள்தாம் மனக்கண்ணில் தோன்றுகின்றன: கட்டிலோடு கட்டப்பட்ட இளம்பெண், ஊதா நிறத் தோள்துகில் அணிந்து கையில் நூலுடன் நிற்கும் குருவானவர், மந்திரித்த நீர், பெயரைச் சொல்லும்படி அதட்டும் குரல், அதற்கு விடையாகப் பெண்ணின் வாயிலிருந்து வரும் கரகரத்த வசை. இவையெல்லாம் 1973ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் அமெரிக்காவில் வெளியான 'தி எக்சார்சிஸ்ட்' என்ற ஒரே படத்திலிருந்து உலகெங்கும் பரவியவை என்று சொல்வது வழக்கம். அது பெரும்பாலும் சரியே. ஆனால் அந்தப் படத்துக்கு மூலப்பொருள் தந்தது 1614இல் ரோமில் அச்சான ஒரு சடங்கு நூல் என்பதும், ஊர்கூடி வேடிக்கை பார்க்கும் இடத்திலிருந்து பேயோட்டுதலை விலக்கி வைப்பது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது என்பதும் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. மேலைக் கிறித்தவ உலகில் பேயோட்டுதலின் வரலாற்றை, அதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்ற நெடுநாள் வழக்கின் வரலாறாகவும் படிக்க இடமுண்டு. திரைப்படம் அந்த வழக்கில் மிகப் பிந்தி வந்து சேர்ந்த கட்சிக்காரர்.

'எக்சார்சிசம்' என்ற சொல்லின் கிரேக்க வேருக்கு ஆணையிட்டுக் கட்டுதல் என்பது பொருள். உடுக்கையடித்துப் பேயைப் பேசவைத்து, இனி வருவதில்லை என்று அதனிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளும் தமிழகத்துக் கோடாங்கியையும் பூசாரியையும் அறிந்தவர்களுக்கு இப்பொருள் அந்நியமாகத் தோன்றாது. வேறுபாடு பேயின் பிறப்பில் இருக்கிறது. தமிழ் வழக்கில் பேய் என்பது பெரும்பாலும் அகால மரணமடைந்த ஒரு மனிதரின் ஆவி. அதற்கு ஊரும் பேரும் நிறைவேறாத ஆசையும் உண்டு. எனவே அதற்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவைக்கலாம். கத்தோலிக்க இறையியலின் பேயோ வீழ்ந்துபோன வானதூதர், ஒருநாளும் மனிதராக வாழ்ந்திராதது. அதற்குக் கட்டளையிடலாமே ஒழிய அதனுடன் பேரம் பேசக் கூடாது. தான் இன்னாரது இறந்துபோன ஆன்மா என்று பேய் சொல்லிக்கொண்டால் அதை நம்பாதிருக்கும்படி 1614ஆம் ஆண்டு நூல் குருவானவரை எச்சரிக்கவே செய்கிறது. தமிழ்ப் பேய்ப் படங்களில் பேய்க்கு ஒரு முன்கதையும் அதன்வழி ஒரு நியாயமும் இருப்பதும், ஆங்கிலப் படங்களின் பேய் பெரும்பாலும் காரணமின்றி வந்து நிற்பதும் இந்த வேறுபாட்டின் விளைவே.

தொடக்கத் திருச்சபையில் பேயோட்டுதல் அரிய நிகழ்ச்சியாக இருக்கவில்லை. திருமுழுக்குப் பெற வருபவர் ஒவ்வொருவர் மீதும் பேயோட்டும் மன்றாட்டு சொல்லப்பட்டது. அதற்கென ஒரு பணிப்பட்டமே இருந்தது. 251ஆம் ஆண்டையொட்டித் திருத்தந்தை கொர்னேலியுஸ் அந்தியோக்கியாவின் ஆயருக்கு எழுதிய மடலில், ரோம் நகரத் திருச்சபையில் 46 குருக்களும் 7 திருத்தொண்டர்களும் இருப்பதாகக் கூறி, பேயோட்டுநர், வாசகர், வாயில்காப்போர் ஆகியோரைச் சேர்த்து 52 பேர் என்று கணக்குக் காட்டுகிறார். பேயோட்டுநரும் கதவுக் காவலரும் ஒரே தொகையில் எண்ணப்பட்ட அளவுக்கு அது சாதாரண வேலை. பின்னர் அப்பட்டம் குருத்துவத்துக்குச் செல்லும் வழியிலுள்ள வெறும் படிக்கட்டாகத் தேய்ந்து, 1972 ஆகஸ்டில் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணையின்படி 1973 சனவரி முதல் நாளோடு லத்தீன் திருச்சபையில் வழக்கொழிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் 'எக்சார்சிஸ்ட்' திரைக்கு வந்தது. பட்டம் போன ஆண்டிலேயே அப்பெயர் உலகப் புகழ் பெற்றது.

பேயோட்டுதல் மேடையேறியது 16ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஐரோப்பாவைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலத்தில். 1566இல் பிரான்சின் லான் நகரப் பேராலயத்தில், வெர்வேன் ஊரைச் சேர்ந்த நிக்கோல் ஓப்ரி என்ற பதின்வயதுப் பெண்ணை நாள்தோறும் உயர்ந்த மேடை ஒன்றில் ஏற்றி, பெருங்கூட்டத்தின் முன்னிலையில் பேயோட்டினார்கள். நற்கருணை அப்பத்தைக் கண்டதும் பெண்ணின் உடல் முறுக்கிக்கொண்டது. அவளுள் இருந்த பேய், பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையினரான யுகனோக்கள் தன்னுடைய ஆட்கள் என்று வாக்குமூலம் தந்தது. அப்பத்தில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பதை மறுத்தவர்களுக்கு எதிராகப் பேயையே சாட்சிக்கூண்டில் ஏற்றிய இந்நிகழ்ச்சி, துண்டுநூல்களின் வழியே பல ஆண்டுகள் பேசப்பட்டது. இதே காலத்தில் இத்தாலியப் பிரான்சிஸ்கன் துறவியான ஜிரோலமோ மெங்கி, 'பேய்களின் சாட்டை' என்ற பொருள்தரும் தலைப்பில் லத்தீனில் எழுதிய கையேடு பல பதிப்புகள் கண்டது. மந்திரங்களையும் புகைகளையும் மருந்துகளையும் விரிவாக வகுத்துத் தந்த அந்நூலைப் பிற்காலத்தில் ரோமே தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது.

மேடை இருக்கும் இடத்தில் நடிப்பைப் பற்றிய ஐயமும் வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 1580களின் நடுவில் டென்னம் என்ற ஊரில் கத்தோலிக்கக் குருக்கள் மறைவாக நடத்திய பேயோட்டுதல்களைப் பற்றி 1603இல் சாமுவேல் ஹார்ஸ்நெட் எழுதிய கண்டன நூல், அவற்றை நாடகக் கொட்டகையின் மொழியிலேயே எள்ளி நகையாடியது. அதில் காணப்பட்ட விசித்திரமான பேய்ப்பெயர்களை ஷேக்ஸ்பியர் 'லியர் அரசன்' நாடகத்தில், பேய்பிடித்த பித்தனாக நடிக்கும் எட்கரின் வாயில் வைத்தார். போலிச் சடங்கு என்று சாடப்பட்டது உண்மையான மேடைக்கே வந்து சேர்ந்தது இவ்வாறுதான். ஹார்ஸ்நெட்டின் நூல் வெளிவந்த அடுத்த ஆண்டு ஆங்கிலத் திருச்சபை, ஆயரின் உரிமமின்றி எந்த ஊழியரும் பேயோட்டக் கூடாதென்று விதி வகுத்தது.

பிரான்சில் 1598, 1599 ஆண்டுகளில் மார்த் ப்ரோசியே என்ற பெண்ணின் வழக்கு இன்னும் தெளிவான பாடத்தைத் தந்தது. தந்தையோடு ஊர் ஊராகச் சென்று பேயாட்டம் ஆடிவந்த அப்பெண்ணை ஆன்ஜே நகர ஆயர் ஒரு சோதனைக்கு உட்படுத்தினார். மந்திரித்த நீரைச் சாதாரண நீர் என்றும், சாதாரண நீரை மந்திரித்த நீர் என்றும் மாற்றிக் கொடுத்தார்; பிறகு, பேயோட்டும் நூலைப் படிப்பதுபோலப் பாவனை செய்து, கிறித்தவத்துக்கு முற்பட்ட ரோமானியக் கவியான வர்ஜிலின் காப்பிய அடியைப் படித்தார். பெண் வெற்றுநீருக்குத் துடித்தாள். காப்பிய அடியைக் கேட்டுக் கீழே விழுந்தாள். பாரிசில் அவளைப் பரிசோதித்த மருத்துவர் மிஷேல் மாரெஸ்கோ, இதில் பேயின் பங்கு ஏதுமில்லை, நோயின் பங்கு சிறிது, பாசாங்கின் பங்கே பெரிது என்ற கருத்துப்பட முடிவு எழுதினார். யுகனோக்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்த் ஆணை வெளிவந்து ஓராண்டே ஆகியிருந்த நிலையில், பேயின் வாயால் அவர்களுக்கு எதிராகக் கூட்டம் சேர்வதை நான்காம் ஹென்றியின் அரசு விரும்பவில்லை. பெண் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டாள். முந்நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட ஹாலிவுட் படத்தில், ஐயம் கொண்ட குருவானவரான காரஸ், குழாய்நீரை மந்திரித்த நீர் என்று சொல்லித் தெளித்துச் சிறுமி அலறுவதைக் கவனிக்கும் காட்சி இந்தச் சோதனையின் நேர் வாரிசு.

இப்பின்னணியில்தான் 1614இல் ஐந்தாம் பவுல் திருத்தந்தையின் ஆணையோடு 'ரோமன் சடங்கு நூல்' வெளிவந்தது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் முதலியவற்றோடு பேய்பிடித்தோருக்கான சடங்கும் அதில் ஒரு பகுதி. அதன் முகப்பில் 21 விதிகள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது, ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதை எளிதில் நம்பிவிடாதே என்பது. கற்றறியாத மொழியைப் பலசொல்படப் பேசுதல் அல்லது புரிந்துகொள்ளுதல், தொலைவிலுள்ளவற்றையும் மறைந்துள்ளவற்றையும் வெளிப்படுத்துதல், வயதுக்கும் இயல்புக்கும் மீறிய வலிமை காட்டுதல் ஆகியவை அடையாளங்களாகச் சொல்லப்படுகின்றன. பேயின் எண்ணிக்கையையும் பெயரையும், அது புகுந்த காலத்தையும் காரணத்தையும் கேட்கலாம். ஆர்வத்துக்காக வேறெதையும் கேட்கக் கூடாது. மருந்து கொடுப்பது மருத்துவர்களின் வேலை, குருவானவர் அதில் தலையிடக் கூடாது. சடங்கு இயன்றவரை கோவிலிலோ வேறு தகுந்த இடத்திலோ கூட்டத்திலிருந்து விலகி நடக்க வேண்டும். பெண்ணுக்கு நடத்தும்போது, அவளைப் பிடித்துக்கொள்ள நன்மதிப்புடையவர்கள், கூடுமானால் நெருங்கிய உறவினர், எப்போதும் உடனிருக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகே புனிதர்களின் மன்றாட்டுமாலை, சங்கீதம், நற்செய்தி வாசகங்கள், தோள்துகிலின் முனையைப் பீடிக்கப்பட்டவரின் கழுத்தில் வைத்தல், தலைமீது கை வைத்தல், இறுதியாகப் பேய்க்கான கட்டளைகள் என்று சடங்கு தொடர்கிறது. நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தை ஒத்த நிதானத்தோடு எழுதப்பட்ட பகுதி இது. மெங்கியின் கையேட்டோடு வைத்துப் பார்த்தால், எதைச் செய்ய வேண்டும் என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்பதிலேயே இதை எழுதியவர்களுக்கு அக்கறை மிகுந்திருந்தது புலப்படும்.

விதி எழுதப்பட்டுவிட்டது என்பதாலேயே அது பின்பற்றப்பட்டது என்று ஆகிவிடாது. இருபதே ஆண்டுகளில், மேற்குப் பிரான்சின் லூதூன் என்ற சிற்றூர் எல்லா விதிகளையும் காற்றில் பறக்கவிட்டது. 1632இல் அங்கிருந்த உர்சுலைன் கன்னியர் மடத்தில், தலைவி ழான் தேசான்ஜ் உள்ளிட்ட துறவியர் பலருக்குப் பேய் பிடித்ததாகச் செய்தி பரவியது. அவர்கள் குற்றஞ்சாட்டியது ஊர்ப் பங்குக்குருவான உர்பேன் கிராந்தியேயை. கல்வியும் அழகும் நாவன்மையும் உடைய அவருக்குப் பகைவர்கள் ஏராளம், அப்பகைவர்களின் வரிசை மன்னரின் முதன்மை அமைச்சரான ரிஷ்லியே கர்தினால் வரை நீண்டது. அரசப் பிரதிநிதி லோபார்தமோன் வந்து வழக்கைக் கையிலெடுத்தபின், பேயோட்டுதல் ஊரின் பல கோவில்களில் பகிரங்கமாக நடந்தது. பேயின் வாக்குமூலம் மனிதருக்கு எதிரான சாட்சியமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பேயின் சொல் நம்பத்தக்கதன்று என்பது அன்றைய இறையியலாளர் பலரின் கருத்து. லூதூனில் அதற்குச் செவிசாய்ப்பார் இல்லை. 1634 ஆகஸ்ட் 18இல் கிராந்தியே உயிரோடு எரிக்கப்பட்டார்.

எரித்தபின்னும் பேய்கள் போகவில்லை. போயிருந்தால் ஊருக்குத்தான் இழப்பு. பாரிசிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பயணிகள் வந்தவண்ணம் இருந்தனர். 1635இல் மன்னரின் தம்பியே வந்து பார்த்துச் சென்றார். துறவியரின் உடல் வளைந்து முறுக்கியதை வியந்து எழுதியவர்களும், அவர்கள் வழியாகப் பேசிய பேய்களின் லத்தீன் இலக்கணப் பிழைகளை எண்ணிச் சிரித்தவர்களும் அப்பயணிகளுள் உண்டு. வானதூதராயிருந்து வீழ்ந்தவருக்கு வேற்றுமை உருபு தடுமாறுவது சற்றே வியப்பானதுதான். ழான் தேசான்ஜின் கையில் இயேசு, மரியா, யோசேப்பு முதலிய திருப்பெயர்கள் பேய் வெளியேறியபோது எழுதப்பட்டவையாகத் தோன்றின. 1638இல் அவர் அக்கையைக் காட்டிக்கொண்டு பிரான்சைச் சுற்றிவந்தார், கூட்டம் அலைமோதியது.

1634இன் இறுதியில் லூதூனுக்கு வந்த இயேசு சபைக் குரு ழான்-ழோசப் சூரென், அங்கு நிலவிய ஆரவாரத்தை வெறுத்தவர். கூட்டத்தின் முன் அதட்டுவதைக் குறைத்து, தலைவியோடு தனித்திருந்து செபிக்கும் மெல்லிய முறையை அவர் கைக்கொண்டார். தலைவியின் துன்பத்தைத் தாம் ஏற்றுக்கொள்வதாக இறைவனிடம் வேண்டவும் செய்தார். தலைவி தேறினார், சூரென் நோயுற்றார். ஏறத்தாழ இருபதாண்டுகள், தாம் நரகத்துக்குத் தீர்ப்பிடப்பட்டவர் என்ற எண்ணத்தோடு, எழுதவும் நடக்கவும் இயலாத நிலைகளினூடே வாழ்ந்தார். 1645இல் சன்னல் வழியே கீழே குதித்துத் தொடையெலும்பு முறிந்து பிழைத்தார். பின்னாளில் நலமடைந்து ஆன்மிக எழுத்தாளராகப் பெயர் பெற்றார். சிறுமியிடமிருந்து பேயைத் தன்னுள் அழைத்துக்கொண்டு சன்னல் வழியே பாய்ந்து இறக்கும் காரஸின் முடிவை அறிந்தவர்கள், சூரெனின் வாழ்க்கையைப் படிக்கும்போது திடுக்கிடாமல் இருக்க முடியாது. சடங்கு நூலில் இப்படியொரு பரிகாரத்துக்கு இடமேயில்லை. சூரெனும் காரஸும் கையாண்டது சடங்கு தோற்ற இடத்தில் தோன்றும் வழி.

லூதூன் திரைக்கு இருமுறை வந்தது. போலந்து இயக்குநர் யெர்சி கவலரோவிச் 1961இல் எடுத்த 'வானதூதர்களின் அன்னை ழான்' படம், கதையைப் போலந்துக்கு மாற்றி, கிராந்தியே எரிக்கப்பட்டபின் நடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, வெண்சுவர்களும் வெண்ணாடைகளும் நிறைந்த வெளியில் பேயோட்டுதலை ஏறத்தாழ நடனமாகவே காட்டியது. கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பரிசும் பெற்றது. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1952ஆம் ஆண்டு நூலை அடிப்படையாகக் கொண்டு கென் ரசல் 1971இல் எடுத்த 'தி டெவில்ஸ்' நேர்மாறானது: கூச்சலும் குருதியும் அரசியல் சினமும் நிறைந்த அப்படத்தில் பேய் என்று ஒன்றில்லை, பேயைத் தேவைப்படுத்தும் அரசு மட்டுமே உண்டு. தணிக்கையாளர்களும் தயாரித்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் அதை வெட்டித் தள்ளினர். அதே நிறுவனம் இரண்டாண்டு கழித்துப் பேயை ஐயமின்றி நம்பும் படம் ஒன்றை வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டியது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளைச் சுருக்கமாகவே கடந்துவிடலாம். 1770களில் தென்ஜெர்மனியில் யோகான் யோசப் காஸ்னர் என்ற குருவானவர் ஆயிரக்கணக்கானோருக்குப் பேயோட்டி நோய்தீர்த்ததாகப் புகழ்பெற்றபோது, திருச்சபையும் அரசும் சேர்ந்தே அவரை அடக்கின. காந்த சிகிச்சை புகழ் மெஸ்மர் அதே விளைவுகளைச் செபமின்றித் தம்மால் உண்டாக்க முடியுமென்று சொன்னதும் இதற்குத் துணையாயிற்று. ஆயரின் தனி அனுமதியின்றி யாரும் பேயோட்டக் கூடாது என்று 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் உறுதி செய்தது. கதவு ஏறத்தாழ முழுமையாகச் சாத்தப்பட்டது. கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு சடங்கைப் பார்க்காமலே வாழ்ந்து முடித்தனர். அமெரிக்கத் திரையும் அதைத் தொடவில்லை. ஹாலிவுட்டின் தணிக்கை நெறி, சமயச் சடங்குகளையும் குருக்களையும் மதிப்போடு கையாளும்படி வற்புறுத்தியது. 1968இல் அந்நெறி நீங்கி வயதுவாரித் தரச்சான்று வரும்வரை இத்தகைய காட்சிக்கு வழியில்லை. அக்காலத்தின் சிறந்த பேயோட்டும் காட்சி வேறொரு சமயத்தைச் சேர்ந்தது: அன்ஸ்கியின் நாடகத்தைக் கொண்டு 1937இல் போலந்தில் இத்திஷ் மொழியில் எடுக்கப்பட்ட 'டிபுக்'. மணமகளின் உடலில் புகுந்த இறந்த காதலனின் ஆவியை யூத ரபி வெளியேற்றும் அப்படத்தின் துயரம், மேலே சொன்ன தமிழ்ப் பேயின் துயரத்துக்கு மிக நெருக்கமானது.

1949ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளேடு, மேரிலாந்து மாநிலத்தின் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடமிருந்து பேய் ஓட்டப்பட்டதாக முதற்பக்கச் செய்தி வெளியிட்டது. செயின்ட் லூயிஸ் நகரில் பேராயரின் அனுமதியோடு இயேசு சபைக் குரு வில்லியம் பௌடர்ன் வாரக்கணக்கில் நடத்திய அச்சடங்கு, ஏப்ரலில் ஒரு மருத்துவமனையில் நிறைவுற்றிருந்தது. அப்போது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த வில்லியம் பீட்டர் பிளாட்டி அச்செய்தியை இருபதாண்டுகளுக்கு மேல் மனத்தில் சுமந்து, 1971இல் நாவலாக்கினார். அவர் விவரம் கேட்டு எழுதியபோது பௌடர்ன் இரகசியம் காக்க வேண்டிய கடமையைச் சுட்டி விலகிக்கொண்டார். சிறுவனின் அடையாளம் வெளிப்படாதிருக்கப் பிளாட்டி அவனைச் சிறுமியாக மாற்றினார். இன்று உலகெங்கும் பேய்ப்படச் சுவரொட்டிகளில் காணும் 'கட்டிலில் பெண்' இரகசியக் காப்பின் பக்கவிளைவாகப் பிறந்தாள் என்பது ஒரு முரண். லான் முதல் லூதூன் வரை பேய் பிடித்து மேடையேறியவர்கள் பெண்களாகவே இருந்ததால், அம்மாற்றம் மரபுக்கு உகந்ததாகவும் அமைந்துவிட்டது.

வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய படம் அவ்வறையைக் கட்டிய விதம் கவனிக்கத்தக்கது. நியூயார்க்கில் அரங்காக அமைத்த படுக்கையறையைக் குளிரூட்டிகளால் உறைநிலைக்கும் கீழே கொண்டுசென்றதால், நடிகர்களின் மூச்சு உண்மையிலேயே ஆவியாகத் தெரிந்தது. நாற்பத்துநான்கு வயதான மாக்ஸ் வான் சிடோவை டிக் ஸ்மித்தின் ஒப்பனை முதிய குரு மெரினாக்கியது. சிறுமியாக நடித்த லிண்டா பிளேரின் வாயசைவுக்கு, வானொலி நாடகத்தில் தேர்ந்த மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் பச்சை முட்டையும் புகையும் மதுவுமாகத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு குரல் தந்தார். படம் பெற்ற இரண்டு ஆஸ்கர் விருதுகளில் ஒன்று ஒலிக்கானது; அச்சத்தின் பெரும்பங்கு காதின் வழியே சென்றதை உணர்ந்தே கொடுத்தார்கள் போலும். இயேசு சபைக் குருக்கள் ஆலோசகர்களாகவும் நடிகர்களாகவும் பங்கேற்றனர். மொழி, மறைபொருள், வலிமை என்று 1614ஆம் ஆண்டு நூலின் மூன்று அடையாளங்களையும் காரஸ் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். ஆயரின் அனுமதி முறைப்படி பெறப்படுகிறது. இவ்வளவு நுணுக்கத்துக்கிடையே ஒரு விதி மட்டும் அப்பட்டமாக மீறப்படுகிறது. நூலின்படி அறையில் இருக்க வேண்டிய உறவினர் எவரும் அங்கில்லை. தாய் கதவுக்கு வெளியே காத்திருக்கிறாள். உள்ளே இருப்பவர்கள் சிறுமியும் இரண்டு குருக்களும் மட்டுமே. உறவினர் விட்டுச்சென்ற அந்த இடத்தில் திரையரங்கின் பார்வையாளர் அமர்த்தப்படுகிறார். சடங்கு நூல் வெளியே நிறுத்திய கூட்டம், தாயே நுழைய முடியாத அறைக்குள் நுழைவுச்சீட்டோடு வந்துவிட்டது.

படத்தின் பேய்க்கு அடையாளமாகக் காட்டப்படும் பசூசு பற்றியும் ஒரு சொல். கி.மு. முதலாயிரத்தின் மெசபொத்தாமியாவில் பசூசு அச்சந்தரும் காற்றுப் பேயாக இருந்தபோதிலும், கருவுற்றோரையும் கைக்குழந்தைகளையும் கொல்லும் லமாஷ்து என்ற பெண்பேயை விரட்டுவதற்காக அதன் தலையுருவையே தாயத்தாக அணிந்தார்கள். குழந்தைகளின் காவலாகக் கழுத்தில் தொங்கிய உருவம் ஒரு குழந்தையைப் பீடிக்கும் பாத்திரமேற்றது தொல்லியலாளர்களுக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்கும்.

படத்தின் விளைவுகள் திரையரங்கோடு நிற்கவில்லை. அதைப் பார்த்தபின் மனநோய்க்குறிகள் காட்டிய நால்வரைப் பற்றி 1975இல் மனநல மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வெளிவந்தது. இத்தாலியிலும் துருக்கியிலும் அமெரிக்கக் கருப்பினத் திரையுலகிலும் உடனடியாகப் போலிகள் எழுந்தன; மெட்டின் எர்க்சனின் துருக்கியப் படமான 'ஷெய்தான்' சிலுவையை நீக்கிவிட்டு இசுலாமியச் சூழலில் காட்சிக்குக் காட்சி அதையே மறுபடி எடுத்தது. அமெரிக்காவில் பேயோட்டும்படி கேட்டு வருவோர் தொகை இதற்குப்பின் பெருகியதையும், சபைகள் பலவும் தத்தமக்கென முறைகளை உருவாக்கிக்கொண்டதையும் சமூகவியலர் மைக்கேல் கியூனியோ 2001இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அரிய சடங்கு ஒன்று, அதைப் பற்றிய படத்தால் தேவையான சடங்காக மாறியது.

பவேரியாவின் கிளிங்கன்பெர்க் ஊரில் 1975 செப்டம்பரில் தொடங்கிய சடங்கு இதன் மிகக் கொடிய பக்கத்தைக் காட்டியது. வலிப்பு நோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த கல்லூரி மாணவி ஒருத்திக்கு ஆயரின் அனுமதியோடு பத்து மாதங்களில் 67 முறை பேயோட்டப்பட்டது. உணவை மறுத்து ஏறத்தாழ 31 கிலோ எடைக்கு மெலிந்த அவள் 1976 சூலை முதல் நாள் இறந்தாள். மருந்தை மருத்துவர்களுக்கு விடச் சொன்ன விதி நூலில் இருக்கத்தான் செய்தது. 1978இல் பெற்றோரும் இரண்டு குருக்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டிக்கப்பட்டனர். இதிலிருந்து இரண்டு படங்கள் தோன்றின. 2005இன் அமெரிக்கப் படம் 'எமிலி ரோஸ்', மருத்துவத்தையும் சமயத்தையும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிறுத்தி, பேயோட்டும் காட்சியை மழைக்கும் குதிரைகளுக்கும் நடுவே தொழுவத்தில் வைத்தது. 2006இன் ஜெர்மன் படம் 'ரெக்வியம்', மாயக்காட்சி ஒன்றுமின்றி, சடங்கு உச்சத்தை எட்டும் முன்பே விலகிக்கொண்டது. வேடிக்கை காட்ட மறுக்கும் அந்த மௌனத்தில் சான்ட்ரா ஹூலரின் நடிப்பு மற்றெல்லாப் படங்களையும்விட ஆழமாகப் பதிகிறது. தமிழகத்தில் பேய்பிடித்ததாகக் கருதப்பட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6இல் எழுந்த தீயில் 28 பேர் மாண்டதை அறிந்த வாசகருக்கு, கிளிங்கன்பெர்க் தொலைவிலுள்ள ஊராகத் தோன்றாது.

மேலைப் படங்கள் மருத்துவரையும் குருவையும் வழக்காட வைத்துக்கொண்டிருந்தபோது, மலையாளத்தில் ஃபாசில் 1993இல் எடுத்த 'மணிச்சித்ரத்தாழ்' வேறொரு வழி கண்டது, பி. வாசுவின் கன்னட வடிவத்தின் வழியே அது 2005இல் தமிழில் 'சந்திரமுகி' ஆயிற்று. அங்கே பேயோட்டுதல் தெரிந்தே நடத்தப்படும் நாடகம். நோயாளி தன்னைப் பழைய நாட்டியக்காரியாக நம்புகிறாள். பழிவாங்கும் அவளுடைய வெறி அடங்கும்படி, மனநல மருத்துவரும் மாந்திரீகரும் கூட்டுச் சேர்ந்து, களமும் தீயும் மந்திரமும் அமைத்து, அவள் கொல்ல நினைத்தவனின் இடத்தில் பொம்மையை மாற்றிவைக்கிறார்கள். மார்த் ப்ரோசியேயின் ஆயர் பொய்ச்சடங்கைப் பொய்யைக் கண்டறியப் பயன்படுத்தினார். இப்படங்களின் மருத்துவர் அதையே நோயைத் தீர்க்கப் பயன்படுத்துகிறார். சடங்கு என்பது அடிப்படையில் ஓர் அரங்கு என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அவ்வரங்குக்கு ஒரு பயனும் கண்டவகையில் இவை உலகத் திகில் படங்களிடையே தனித்து நிற்பவை.

ரோம் தன் பழைய நூலை 1999இல்தான் திருத்தி வெளியிட்டது. மனநோயைப் பேயென்று மயங்காதிருக்கும் எச்சரிக்கை அதில் கூடுதலாக வலியுறுத்தப்பட்டதோடு, சடங்கு காட்சிப்பொருளாகிவிடக் கூடாது, ஊடகங்களுக்கு அங்கே இடமில்லை என்பதும் வெளிப்படையாக எழுதப்பட்டது. ஆனால் ரோம் மறைமாவட்டத்தின் புகழ்பெற்ற பேயோட்டுநரான கபிரியேல் அமோர்த், தமக்கு மிகவும் பிடித்த படம் 'எக்சார்சிஸ்ட்' என்று சொல்லத் தயங்காதவர். 2016 மே முதல் நாள், தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அவர் ஒரு பெண்ணுக்கு நடத்திய சடங்கைப் படம்பிடிக்க ஃபிரீட்கினுக்கே அனுமதி கிடைத்தது. படக்குழுவும் விளக்குகளும் இல்லாமல் தனியே வர வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாண்டு செப்டம்பரில் அமோர்த் காலமானார். அடுத்த ஆண்டு அக்காட்சி 'தி டெவில் அண்ட் ஃபாதர் அமோர்த்' என்ற ஆவணப்படத்தில் இடம்பெற்றது. கட்டிலும் இல்லை, குளிரும் இல்லை, ஆவியாகும் மூச்சும் இல்லை. வெளிச்சமான சாதாரண அறையில், 1614ஆம் ஆண்டு விதி சொன்னபடியே உடனிருப்போர் பிடித்துக்கொண்டிருக்க, நாற்காலியில் அமர்ந்த பெண் திமிறுகிறாள். அவளிடமிருந்து எழும் குரல் பின்னர் ஒலிக்கூடத்தில் மாற்றப்பட்டதோ என்ற ஐயத்தை விமர்சகர்கள் சிலர் எழுப்பினார்கள்.